முதல் சொல்லே பதில்

எங்கள் யாரம்பில் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேராக "இல்லை" என்று சொன்னால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். நல்ல நிலையில் இருப்பவர்கள் "ஆமா, இல்ல" என்பார்கள். முதலில் வருகிற ஆமா, நீ கேட்டது காதில் விழுந்தது, கேட்டதற்கு நன்றி என்பதற்கு. பின்னால் வருகிற இல்லதான் பதில். அதையே திருப்பிப் போட்டு "இல்ல, ஆமா" என்றால், அதில் எனக்கென்ன சிரமம், கட்டாயம் வருகிறேன் என்று பொருள். கோதுமை லாரி ஓட்டுகிறவர், பாதிரியார், பேசத் தொடங்கிய குழந்தை எல்லாருக்கும் இது தெரியும். தேசியத் திரையரங்கு வருகை ஆணையத்துக்கு மட்டும் தெரியவில்லை.

நான் ரேடியன்ட் திரையரங்கில் டிக்கெட் கொடுக்கிறவள். ஐஸ்கிரீம் கூம்பைச் சாக்லேட்டில் முக்கித் தருவதும் விளக்கை அணைப்பதும் நானேதான். வயது நாற்பத்தாறு. ஆணையத்தின் வரைபடத்தில் எல்லா வயதுக்காரர்களுக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கிறார்கள், எங்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. "பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள்" என்று கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. பொய் என்று சொல்லமாட்டேன்.

லிண்ட்சே ஹாரப்புக்கு எழுபத்தைந்து. தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் மேற்கே சுரங்க வேலைக்குப் போனவன், கிறிஸ்துமஸுக்கு மறக்காமல் கூப்பிடுவான். புதன்கிழமை காலைக் காட்சிக்கு லிண்ட்சே வருவார். என்ன படம் என்று கேட்கமாட்டார். சில வாரம் உள்ளே இன்னும் இரண்டு மூன்று தலைகள் தெரியும். பல வாரம் அவர் ஒருவர்தான்.

படம் முடிந்ததும் நேராக என் டிக்கெட் மேடைக்கு வந்து நிற்பார்.

"கண்ணு, அந்த மனுஷன் கடைசியில தோட்டத்த ஏன் வித்தான்?"

"நான் பாக்கலியே லிண்ட்சே. ஐஸ்கிரீம் முக்கிக்கிட்டு இருந்தேன்."

"சரி, நான் கதையச் சொல்றேன். கேட்டுட்டு நீ சொல்லு."

முழுக் கதையையும் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கேள்வி அவருக்கே ஆறிப்போயிருக்கும். கதை கேட்டவளிடம் எப்படிச் சண்டை போடுவது? அதே படத்தைப் பார்த்தவரிடம்தான் போட முடியும். லிண்ட்சேக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதே படத்தை அதே நேரத்தில் பார்த்துவிட்டு, "உனக்கு ஒண்ணும் புரியல போ" என்று சொல்ல ஓர் ஆள்.

இந்த நிலையில்தான் ஆணையத்தின் தொலைபேசிக் கணக்கெடுப்பு வந்தது. கணினிதான் பேசியது. பெண் குரல், நல்ல மரியாதையான குரல். "உங்கள் வயதினருடன் சேர்ந்து அமர்ந்து திரைப்படம் பார்க்க விரும்புகிறீர்களா?" ஊரில் எழுபத்தைந்தும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லாரும் யோசிக்காமல் "ஆமா, இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்ததைப் பார்க்கப் போய்விட்டார்கள். லிண்ட்சே மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்ல, ஆமா" என்றார். சரியாகப் பதிந்திருக்காதோ என்று இன்னொரு தடவையும் சொன்னாராம்.

கணினி முதல் சொல்லை எடுத்துக்கொண்டது. ஆணையத்தின் விதியே அதுதான்: முதல் சொல்லே பதில்.

ஆக, எங்கள் ஊரின் எழுபத்தைந்து வயதுக்காரர்களில் நாற்பத்தொரு பேர் கூட்டமாகப் படம் பார்க்கத் துடிக்கிறார்கள், ஒரே ஒருவர் திட்டவட்டமாக மறுக்கிறார் என்று தலைநகருக்குத் தகவல் போனது. நாட்டிலேயே இப்படி ஒரு ஊர் இல்லை என்று அங்கே கொண்டாடியிருக்கிறார்கள். உடனே "முதியோர் தோழமைக் காட்சி" என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். இடம் ரேடியன்ட் அரங்கு. நேரம் புதன்கிழமை காலை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த காலைக் காட்சி அதற்காக நிறுத்தப்பட்டது.

தொடக்க விழா நகர மண்டபத்தில். துணை ஆணையர் ப்ரான்வின் டக்வெல் அம்மையார் வந்திருந்தார். ஊரே திரண்டது. தேங்காய்ப்பூவில் புரட்டிய லாமிங்டன் கேக் இலவசம் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். தேங்காய்ப்பூவைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே எல்லாரும் திரையைப் பார்த்தோம். அதில் ஐம்பது வருடத்து வரைபடம். இடது கோடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கம்பம் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இதோ பாருங்கள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு," என்றார் டக்வெல். "பதினான்கு முதல் இருபத்து நான்கு வயது இளைஞர்கள். வாரம் தவறாமல் படத்துக்குப் போனவர்கள். இதே ஊரில், இதே அரங்கில். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அந்தக் கம்பத்தில் அவர்கள் யாருமே இல்லை. எங்கே போனார்கள்? ஆணையம் அன்றிலிருந்து இன்றுவரை அவர்களைத் தேடுகிறது. இதற்கென்றே ஒரு தனித் துறை வைத்திருக்கிறோம்."

அடுத்து வலது கோடியைக் காட்டினார். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு சிறு கம்பம்.

"அதே சமயம் இதையும் பாருங்கள். அந்தக் காலத்தில் எழுபத்தைந்து வயதுக்காரர்கள் அரங்குப் பக்கமே வரவில்லை. இன்று வருகிறார்கள். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து படம் பார்க்கும் முதியவர்களை உருவாக்கியிருக்கிறோம். எப்படி உருவானார்கள் என்பது எங்களுக்கே இன்னும் விளங்கவில்லை. ஆனாலும் அது எங்கள் சாதனை."

கைதட்டினோம். லிண்ட்சே கையைத் தூக்கினார்.

"அம்மா, நீங்க தேடுற ஆளுங்க நாங்கதான். எழுபத்துநாலுல எனக்கு இருபத்துநாலு. அந்தா கீத் மல்லன் உக்காந்திருக்கான், அவனுக்கும் அதே வயசு. தூணுக்குப் பக்கத்துல நோலீன் ப்ரிக்ஸ். எல்லாரும் ஒரே வரிசையிலதான் உக்காருவோம்."

டக்வெல் அவரைக் கனிவாகப் பார்த்தார். "நீங்க சாம்பல் நிறம். நாங்க தேடுறது ஆரஞ்சு."

"நான்தாம்மா ஆரஞ்சா இருந்து சாம்பலானேன்."

"ஒரு பிரிவுலேந்து இன்னொரு பிரிவுக்கு யாரும் போக முடியாதுங்க. போனா வரைபடம் தப்பாயிடும்."

கீத் மல்லன் பின்னாலிருந்து, "யோவ் லிண்ட்சே, உக்காருய்யா. கேக் தீர்ந்துடப் போவுது," என்றார்.

முதல் புதன்கிழமை லிண்ட்சே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். அரங்கில் நாற்பத்தொரு நாற்காலிகளில் நாற்பத்தொரு பெயர்களை ஒட்டியிருந்தார்கள். வாசலில் களப்பணியாளன் ஜாரட் பெல் கையில் டேப்லெட்டோடு நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும், நல்ல பிள்ளைதான். அந்த ஆணையத்தில் கெட்டவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

"ஹாரப், லிண்ட்சே," என்று அவன் தேடினான். "நீங்க வர விருப்பமில்லன்னு சொல்லியிருக்கீங்க."

"நானா? 'இல்ல, ஆமா'ன்னு சொன்னேன் தம்பி. ரெண்டு தடவ சொன்னேன்."

"ரெண்டு தடவயும் பதிவாயிருக்கு. கடுமையான மறுப்புன்னு போட்டிருக்கு. உங்க விருப்பமின்மைய ஆணையம் மனசார மதிக்குதுங்க. வர மாட்டேன்னவர உள்ள விட்டா அது அத்துமீறல்."

"நீ எந்த ஊருப்பா?"

"பல்லராட்."

"பல்லராட்ல 'இல்ல, ஆமா'ன்னா என்ன அர்த்தம்?"

ஜாரட் குரலைத் தாழ்த்தினான். "ஆமான்னுதாங்க அர்த்தம். அது பேச்சு. இது தரவு."

இருந்தாலும் அவன் மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்டான். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தான். "உங்கள உள்ள விடலாமான்னு துணை ஆணையரையே கேட்டுட்டேன். 'ஆமா, இல்ல'ன்னுட்டாங்க."

"அப்ப முதல் சொல்லே பதில். என்ன உள்ள விடு."

"அவங்க சொன்னது முடியாதுன்னுங்க. எனக்குப் புரிஞ்சுது. உங்களுக்கும் புரிஞ்சுது."

"அடுத்த கணக்கெடுப்பு எப்ப?"

"பத்து வருஷம் கழிச்சு. அப்பவும் நீங்க இதே பிரிவுதான், கவலப்படாதீங்க."

அன்று யாரும் வரவில்லை. நாற்பத்தொரு பெயர்களுக்கு முன்னால் படம் ஓடி முடிந்தது. லிண்ட்சே வெளியே என் மேடைக்குப் பக்கத்தில் நின்று, சுவர் வழியாக வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "யாருமே வரலியே, இத என்னன்னு எழுதுவ?" என்று ஜாரட்டைக் கேட்டேன். "நாங்க அளக்கிறது வருகைய. வராம இருக்கிறத அளக்கிறது வேற துறை," என்றான்.

அடுத்த சில நாட்கள் லிண்ட்சே வீடு வீடாகப் போனார். உள்ளே யாராவது இருந்தால்தான் தனக்கும் ஒரு வழி பிறக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. கீத் கதவைப் பாதி திறந்து பேசினார். "அடுத்த மாசம் அந்தப் படத்த டி.வி.லயே போடுவான்யா. நடுவுல எந்திரிச்சு ஒண்ணுக்குப் போகலாம், யாரும் முறைக்க மாட்டாங்க." சரி, வருவாயா என்று கேட்டதற்கு, "ஆமா, இல்ல," என்றார். தெரு முழுக்க அதே பதில். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு டி.வி.க்கு முன்னாலும் ஒரே ஒரு நாற்காலி இருந்தது என்று என்னிடம் வந்து சொன்னார்.

நோலீன் ப்ரிக்ஸ் ஊருக்கு வெளியே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். இடுப்பு எலும்பு மாற்றியதிலிருந்து கார் ஓட்டுவதில்லை. வேலியருகே நின்று அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"உன் பேர் போட்டு ஒரு சீட்டு காலியாக் கெடக்கு நோலீன்."

"என் பேரா? என்னக் கேக்காம எவன் ஒட்டினது? நான்தான் மாட்டேன்னு சொன்னேன்ல?"

"அத அவங்க ஆமான்னு எழுதிட்டாங்க."

"எழுதுவானுங்க, எழுதுவானுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சில வாரம் கழித்து ஜாரட் மலர்ந்த முகத்தோடு வந்தான். ஆணையத்துக்கு ஒரு பார்வையாளர் எண்ணுநர் தேவைப்படுகிறாராம். காட்சிக்கு வருகிறவர்களை அரங்குக்குள்ளேயே உட்கார்ந்து எண்ண வேண்டும். படத்தில் கொஞ்சமும் ஆசையில்லாதவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவனம் சிதறும். "இந்த மாவட்டத்துலயே ஆசையில்லன்னு அதிகாரபூர்வமாப் பதிவானவர் நீங்க ஒருத்தர்தாங்க," என்றான்.

அப்படித்தான் லிண்ட்சே மறுபடி உள்ளே போனார். பளிச்சென்று ஒரு மஞ்சள் மேற்சட்டை கொடுத்தார்கள். திரைக்குக் கீழே, நாற்காலிகளைப் பார்த்தபடி ஒரு முக்காலி போட்டார்கள். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஒரு தடவை திரும்பினாலும் அன்றைய எண்ணிக்கை செல்லாது. எண்ணுநர் ஐஸ்கிரீம் சாப்பிடக்கூடாது என்றும் விதி இருந்தது. நான் முக்கி வைத்த கூம்பு என் மேடையிலேயே உருகியது.

வாராவாரம் முதுகுக்குப் பின்னால் படம் ஓடியது. எதிரே நாற்பத்தொரு பெயர்கள். "எத்தனை?" என்று ஜாரட் கேட்பான், "யாருமில்ல," என்று இவர் கையெழுத்துப் போடுவார். என்னிடம் வந்து, "இன்னிக்கி படத்துல மழை பேஞ்சுது கண்ணு. யாரோ ஒருத்தி பாடினா," என்பார். கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் மட்டும், "கீத் சீட்டு மேல நல்லா வெளிச்சம் விழுது," என்றார். வெளியே நின்றபோதுகூட அவர் இவ்வளவு தனியாக இருந்ததாகத் தோன்றவில்லை.

கடைசியில் ஒரு புதன்கிழமை நோலீன் வந்தாள். எங்கள் ஊர் முதியோர் பேருந்து புதனும் வெள்ளியும்தான் ஓடும். அதில் வந்து இறங்கி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக ஜாரட்டிடம் போனாள்.

"என் பேரக் கிழிச்சுப் போடு. மத்த வேலைய அப்புறம் பாரு."

"விருப்பத்தத் திரும்ப வாங்கிக்கணும்னா, ஒரு தடவயாவது அதப் பயன்படுத்தியிருக்கணுங்க. அதுதான் நடைமுறை."

"அப்படின்னா?"

"ஒரு படம் பாத்துட்டீங்கன்னா, படம் பாக்க விருப்பமில்லன்னு எழுதிக் கொடுக்கலாம்."

நோலீன் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், தன் பெயர் ஒட்டிய நாற்காலியில் பெயர் மேலேயே உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இப்போதே எழுந்து போகப் போகிறவள் மாதிரி விளிம்பில் இருந்தாள். லிண்ட்சே முக்காலியில் நிமிர்ந்தார். நான் விளக்கை அணைத்தேன்.

அன்றைக்கு நான் மேடைக்குத் திரும்பவில்லை, கதவிடுக்கில் நின்றுகொண்டேன். முதலில் நோலீன் வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கைப்பை மடியிலிருந்து பக்கத்து நாற்காலிக்குப் போனது. அப்புறம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். திரையில் யாரோ எதையோ சொல்ல, அவள் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து லிண்ட்சேயும் சிரித்தார். அவள் முகம் சுருங்கினால் இவர் முகமும் சுருங்கியது. நான் திரையைப் பார்க்கவே இல்லை. இவர்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் படத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நோலீன் கையை வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. லிண்ட்சேயின் தோள் லேசாக அசைந்தது. திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. என்ன நடந்தது என்று அப்புறம் கேட்கத்தான் நோலீன் இருக்கிறாளே.

வெளியே வந்ததும் ஜாரட் வழக்கம்போல டேப்லெட்டை நீட்டினான். "எத்தனை?"

"ரெண்டு."

"ஒண்ணுங்க. அந்தம்மா மட்டும்தானே?"

"நானும் உள்ளதான் இருந்தேன்."

"எண்ணுறவர எண்ண முடியாதுங்க."

"எழுபத்துநாலுல எண்ணுனீங்கல்ல? அதே ஆளு, அதே அரங்கு. இப்ப மட்டும் ஏன் எண்ண மாட்டீங்க? ரெண்டுன்னு போடு, கையெழுத்துப் போடுறேன்."

இப்படி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. ஜாரட் தலைநகருக்குப் போன் போட்டான். காத்திருக்கச் சொல்லிப் பாட்டு போட்டார்கள். நோலீன் லிண்ட்சேக்குப் பின்னால் வந்து நின்றாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

"லிண்ட்சே, படத்துல அவ அப்படிச் செஞ்சிருக்கலாமா? நீ என்ன சொல்ற? எனக்கு மனசே ஆறல."

அவர் திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். வாயைத் திறந்தார். அதற்குள் போனில் குரல் வந்துவிட்டது, ஜாரட் அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஒரே நிமிஷம் நோலீன். இத முடிச்சுட்டு வந்துடறேன். போயிடாத, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

போனில் டக்வெல் அம்மையார், எண்ணுநர் பார்வையாளராக இருக்க முடியுமா என்று சட்டப் பிரிவைக் கேட்டார். சட்டப் பிரிவு, முதுகு பார்க்குமா என்று மருத்துவ ஆலோசகரைக் கேட்டது. நோலீன் காலை மாற்றி மாற்றி நின்றாள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. வெளியே பேருந்துக்காரன் ஒலியெழுப்பினான், அப்புறம் இன்னொரு தடவை. அவள் லிண்ட்சேயின் மஞ்சள் சட்டையை ஒரு விரலால் தொட்டாள். அவர் போனைப் பார்த்தபடி, "நானும் இருந்தேன், நானும் இருந்தேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் என்னிடம் தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"ஒத்துக்கிட்டாங்க," என்றான் ஜாரட். "ரெண்டு."

லிண்ட்சே திரும்பிப் பார்த்தார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். பேருந்து தானியக் கிடங்குத் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. நடைபாதையில் யாரும் இல்லை. அவர் பின்னாலேயே நான் போனேன், என் பின்னால் ஜாரட் ஓடிவந்தான்.

"ஒண்ணு ரெண்டாயிடுச்சுங்க. நூறு சதவீத வளர்ச்சி. இலக்கத் தாண்டிட்டோம், அதனால இங்க திட்டம் நிறைவடைஞ்சதா அறிவிச்சுட்டாங்க. வர்ற வாரத்துலேந்து பக்கத்து ஊரு." அவன் உண்மையான சந்தோஷத்தோடு லிண்ட்சேயின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "ஆணையத்துக் கணக்குப்படி இந்த ஊர்ல உங்க வயசுல யாரும் இனிமே தனியாப் படம் பாக்கலீங்க."

"படத்துல அந்தக் கதவச் சாத்தினது யாரு தம்பி?"

"நாங்க படம் பாக்குறதில்லீங்க. பாத்தா கணக்குல சார்பு வந்துடும்."

லிண்ட்சே என்னைப் பார்த்தார். நானும் பார்க்கவில்லை. அவர் மஞ்சள் சட்டையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து ஜாரட்டிடம் கொடுத்தார். தெருவைக் கடந்து போய்ப் பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்தார். அடுத்த பேருந்து வெள்ளிக்கிழமைதான்.